பாதியில் நின்ற முள்

இரணியலில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் முருகதாஸ், பழைய பிக்கப்பின் டீசல் டேங்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். வண்டியைக் கொண்டுவந்த டிரைவர் பத்மகுமார் பேச்சை நிறுத்தவில்லை.

"முதலாளியே முன்னால நின்னு டேங்கை நிறைச்சாரு, அண்ணே. அப்பவும் டீசல் காட்டுற முள்ளு பாதியிலதான் நிக்கி. பழைய டிரைவர் டீசல் திருடுகான்னு இத வச்சுத்தான் வெரட்டுனாரு."

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"எங்க? சுசீந்திரம் கோயில் முன்னால சூடத்த அணைச்சு, மக மேல சத்தியம் பண்ணினானாம். எண்ணி ஒரே மாசம், காய்ச்சல்ல அந்தப் புள்ள போயிட்டு. பொய்ச் சத்தியம் சும்மா விடுமா?"

முருகதாஸ் டேங்குக்குள்ளிருந்து, முள்ளை நகர்த்தும் மிதவையை எடுத்துக் காதருகே ஆட்டினான். உள்ளே டீசல் தளும்பியது.

"மிதவையில ஓட்டை. டீசல் உள்ள ஏறி, மிதக்காம தாழ்ந்து கெடக்கு. எவ்வளவு ஊத்தினாலும் முள்ளு கொறச்சுத்தான் காட்டும். ரொம்ப வருசத்து ஓட்டை."

"அப்ப அவன் திருடல்லியா?" பத்மகுமாரின் குரல் இறங்கியது.

 முருகதாஸ் புதிய மிதவையை மாட்டிவிட்டு, பழையதைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"அந்த ஓட்டைச் சாமான் எதுக்குண்ணே?"

"எம் பொண்டாட்டிட்ட காட்டணும். நான் பொய்ச் சத்தியம் பண்ணி மகளக் கொன்னுட்டேன்னு சொல்லிட்டுப் போனவ, இன்னும் எம் மொகத்துல முழிக்கல்ல."