வருகைக் கட்டணம்

"கதவைத் தட்டினீங்களா, தம்பி?"

"தட்டாம வருவாங்களா அக்கா? கை வலிக்கத் தட்டினேன்" என்றான் வசூல்காரன்.

தையல்காரி திருப்தியாகத் தலையாட்டினாள். அதிகாரிக்கு அது விசித்திரமாக இருந்தது. வசூல் நிறுவனங்கள் போடும் கட்டணம் நியாயமானதா என்று விசாரிப்பது அவர் வேலை. புகார் கொடுக்க வருபவர்கள் அழுவார்கள், கத்துவார்கள். இவள் கதை கேட்கிறாள்.

கடனை அவள் அடைத்துவிட்டாள். இன்னும் பாக்கி நிற்பது, வசூல்காரன் ஏழு முறை வீடு தேடி வந்ததற்கான கட்டணம். அது கடனைவிடப் பெரிது. இன்று தீர்ப்பு பாதகமாகப் போனால், நாளை காலை அவளுடைய தையல் மிஷினைத் தூக்கிவிடுவார்கள்.

வசூல்காரனின் பதிவேட்டில் ஏழு தேதிக்கும் ஒரே குறிப்பு: 'கதவு பூட்டியிருந்தது. ஆள் இல்லை.'

"அந்த நாள்ல எல்லாம் எங்கம்மா போயிருந்தீங்க?"

"எங்கயும் போகலை சார். வீட்டுலதான் தைச்சுக்கிட்டிருந்தேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"நான் ஒண்டிக்கட்டை சார். யாரு பார்ப்பா?"

வசூல்காரன் வாய்க்குள் சிரித்தான். "மிஷின் சத்தத்துல நான் தட்டினது கேட்டிருக்காதுன்னு சொல்லுவாங்க சார். வெளியில பூட்டு தொங்குச்சே!"

"என்ன பூட்டு தம்பி?" அவள் ஆவலாகக் கேட்டாள்.

"பித்தளைப் பூட்டு. உள்ளங்கை அகலம்."

"ஏழு தடவையும்?"

"ஏழு தடவையும்."

"கதவு எப்படி இருந்துச்சு?"

அவன் நாற்காலியில் நிமிர்ந்தான். "என்ன அக்கா, நான் வரவே இல்லைன்னு நிரூபிக்கப் பார்க்கறீங்களா? பழைய தேக்கு. நடுவுல தாமரை செதுக்கியிருக்கும். கீழ் மூலையில ஒரு இதழ் உடைஞ்சிருக்கும். போதுமா?"

"அச்சு அசலா சொல்றீங்களே!" அவளுக்கு வாயெல்லாம் பல்.

அதிகாரி பேனாவை மூடினார். தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்ளும் பெண்ணை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை.

"அம்மா, அவர் வந்தார்னு நீங்களே சாட்சி சொல்ற மாதிரி இருக்கே?"

"கதவு விஷயத்துல தம்பி சொல்றது நூத்துக்கு நூறு சரி சார். எழுதிக்கோங்க. நான் மறுக்கலை."

"எழுதிக்கோங்க சார்" என்றான் அவனும்.

அதிகாரி பேனாவைத் திறந்து எழுதினார். கையெழுத்து வாங்கினார். அவன் பெரிதாகவே போட்டான்.

தையல்காரி பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். வசூல் நிறுவனத்தின் ரசீது. முதல் வருகைக்கு ஒரு வாரம் முந்தைய தேதி. அடியில் அதே பெரிய கையெழுத்து.

அதிகாரி உரக்கப் படித்தார்: "தவணை தவறியதற்காக ஜப்தி செய்யப்பட்ட பொருள்: தாமரை செதுக்கிய தேக்கு வாசல்கதவு, ஒன்று. பூட்டுடன்."