நடுவில் இருட்டு

மத்தியானம் மூன்று மணிக்கும் நுண்ணோக்கி அறையில் கறுப்புத் திரைச்சீலை மூடியே கிடக்கிறது. வெளியே ஹைதராபாத் வெயில். உள்ளே கணினியின் நீல வெளிச்சம் மட்டும் ஸ்வரூபாவின் மூக்குத்தியில் நிற்கிறது. கணினியில், ஒரே கண்ணாடித் தகட்டில் வைத்த இரண்டு மீன்குஞ்சுகளின் கண்வில்லைகள். செல்களின் உட்கரு இருக்கும் இடமெல்லாம் நீலமாக மின்னும்படி சாயம் ஏற்றியிருக்கிறாள். இடது வில்லை முழுக்கப் புள்ளிகள். வலதில் ஓரத்தில் மட்டும் ஒரு வளையம், நடுவில் ஒன்றுமில்லை. அறையைப் பார்த்துக்கொள்ளும் மல்லேஷ், டீ டம்ளரை வெளியே பிடித்தபடி தலையை மட்டும் உள்ளே நீட்டுகிறான்.

"இடது படத்த ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டலாம்மா, நட்சத்திரம் கொட்டின மாதிரி இருக்கு. வலதுல சாயமே ஏறல, மறுபடி போடு."

"அந்த நட்சத்திரம் பார்வையில்லாத மீனோடது அண்ணா. உட்கரு அழிஞ்சாத்தான் வில்லை தெளியும். அதோட கூடப்பிறந்ததுக்குத்தான் மரபணுவ சரி பண்ணேன். அதுதான் வலது."

"சாயம் ரெண்டுக்கும் ஒண்ணுதானே?"

"தகடும் ஒண்ணுதான்."

மல்லேஷ் மறுபடி நடு இருட்டைப் பார்க்கிறான். "இந்த ஒண்ணுமில்லாததுக்கா பதினாலு மாசம் உக்காந்திருந்த?"

அவள் வெளியே வருகிறாள். மேசைமேல் இரண்டு தட்டுகளில் மிச்சக் குஞ்சுகள் நீந்துகின்றன; முதலாவதில் சரிசெய்யாதவை, இரண்டாவதில் சரிசெய்தவை. இரண்டிலும் தூசி போன்ற இரையை ஒரு சொட்டு விடுகிறாள். முதல் தட்டின் குஞ்சுகள் அதைத் தாண்டிப் போகின்றன. இரண்டாவதில் ஒன்று நிற்கிறது, குறிபார்க்கிறது, கவ்வுகிறது.