ராஜா எட்டிப் பார்த்த ஜன்னல்

ஜிம்பாப்வே நாட்டில், சாந்தே பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிக் கட்டின பழைய ராஜா கோட்டை ஒன்று. சுற்றிப் பார்க்க வந்த ஒருத்தர், ஞாபகத்துக்கு இருக்கட்டுமே என்று சுவரிலிருந்து ஒரு கல்லை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிஸ்கட் இருக்கும் என்று நம்பி அந்தப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது ஒரு குரங்கு. திறந்தால் கல்!

"குரங்கண்ணே, என்னை வீட்டில் விட்டுடேன். நான் இல்லாமல் சுவரே சரிஞ்சிடும்" என்று அழுதது கல்.

"பிஸ்கட்டுக்குத்தான் வழியில்லை, பெருமைக்குக் குறைச்சலில்லை" என்று முனகிக்கொண்டே குரங்கு அதைத் தூக்கிப் போனது.

சுவர் சரியவில்லை. கல் இருந்த ஓட்டைக்கு முன்னால் ஒரே கூட்டம். "மாமியார் வருகிறாளா என்று ராஜா எட்டிப் பார்த்த ஜன்னல் இதுதான்" என்று வழிகாட்டி முன்யா கூசாமல் அளந்துகொண்டிருந்தார். ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள்.

"தள்ளுங்கப்பா, நான் வந்துட்டேன்" என்றது கல்.

"வந்த வழியே போயிடு தம்பி" என்றது பக்கத்துக் கல். "இத்தனை நூறு வருஷத்தில் எங்களை ஒரு ஆள் உத்துப் பார்த்ததில்லை. நீ தொலைஞ்ச பிறகுதான் போட்டோவில் விழறோம்."

குரங்குக்குக் கை வலித்தது. கல்லைச் சுவரடியிலேயே போட்டுவிட்டு நடையைக் கட்டியது.

ஜன்னல் எட்டாமல் தவித்த ஒரு குட்டை அம்மாள் அந்தக் கல்லின் மேல் ஏறி நின்று, "அடேயப்பா, என்ன காட்சி!" என்றார்.