கழிக்க வேண்டிய அஞ்சு பேர்

"பஸ்ல இடம் பத்தல டீச்சர். உங்க கிளாஸ்ல அஞ்சு பேரைக் கழிச்சுடுங்க."

வராண்டாவுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு ஹெச்.எம். நடையைக் கட்டினார்.

சத்யப்பிரியா டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடிஞ்சா தரங்கம்பாடி டூர். பிள்ளைங்கள்ல பாதிப் பேர் கடலையே கண்ணால பார்த்ததில்லை. யாரைப் போய்க் கழிக்கிறது?

அந்தப் பாவம் நமக்கெதுக்கு என்று வகுப்புக்குள் வந்து கிளாஸ் லீடர் வேணியைக் கூப்பிட்டார். பேசுறவங்க பேரை தினமும் போர்டில் எழுதுகிறவள் அவள்தானே!

"அடங்காத அஞ்சு பேர எழுதிக் குடு. அவங்க டூருக்கு வர வேணாம்."

வேணி அசையவில்லை.

"இப்பதான டீச்சர் பாடம் நடத்தினீங்க? யூதர்களை அடைச்சு வச்ச நாஜிக்காரன், அவங்களுக்குள்ளயே ஒரு கவுன்சில் போட்டு, யாரை ரயில்ல ஏத்துறதுன்னு அவங்களையே பட்டியல் எழுத வச்சான்னு..."

"அடியே! அது சாவுக்குப் போன ரயிலு. அதுவும் இதுவும் ஒண்ணாடி?"

"ஒண்ணு இல்லதான் டீச்சர். எழுத மாட்டேன்னா அவங்களைக் கொன்னே போட்டுருப்பான். நம்மள யாரு என்ன பண்ணப் போறா?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது.

"வாய் ரொம்ப நீளுது. எழுதலைன்னா உன் பேருதான் முதல்ல!"

வேணி பேப்பரை எடுத்து மளமளவென்று எழுத ஆரம்பித்தாள்.

"காட்டிக் குடுக்கிறியா? நீயெல்லாம் ஒரு லீடரா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து அத்னான் கத்தினான். அவன் பக்கத்திலிருந்த சத்யமூர்த்தி அழுதேவிட்டான். அவள் தலை நிமிரவே இல்லை.

டீச்சர் பேப்பரை வாங்கிச் சத்தமாகவே படித்தார்.

"ஹெச்.எம். சாரோட சம்சாரம். அவங்க தங்கச்சி. தங்கச்சி வூட்டுக்காரர். பி.டி. சாரோட மச்சான்..."

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"ஆபீஸ் வாசல்லயே பஸ் லிஸ்ட் ஒட்டியிருக்கு டீச்சர். அதைப் பாத்துதான் எழுதினேன்" என்றாள் வேணி.

அஞ்சாவது பேரை மட்டும் டீச்சர் வாய்விட்டுப் படிக்கவில்லை. பேனாவை எடுத்து, பட்டியலுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"இதை நானே ஹெச்.எம். கிட்ட குடுக்கிறேன். காலையில அஞ்சு மணிக்கு எல்லாரும் வந்துடணும். ஒருத்தர் விடாம!"

பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஓடு பறந்துவிடும் போலிருந்தது. டீச்சர் காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏங்க... எடுத்து வச்ச பையைப் பிரிச்சிடுங்க. எங்க கிளாஸ்ல உங்களைக் கழிச்சுட்டாங்க."