மத்தியானத் தூக்கத்தின் பாஷை

“நேத்தும் தூக்கத்துல பேசினாரு, டீச்சர். அதுவும் சிரிச்சுக்கிட்டே.”

பெரிய சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்த களைப்பில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள் தையற்காரி.

“என்ன சொன்னாரு?” என்றாள் ஸ்பானிஷ் டீச்சர்.

“மே அலேக்ரோ தே கே எஸ்தேஸ் அகீ.” ஈரத் தரையில் நடப்பவள்போல ஒவ்வொரு சொல்லாகக் கால் வைத்துச் சொன்னாள்.

“நீ இங்கே இருக்கறதுல எனக்குச் சந்தோஷம்னு அர்த்தம்.”

“எவ இருக்கறதுல? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல தமிழ்லகூட என்கிட்ட இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லையே!”

அவள் கணவருக்கு ரொட்டிக்கடையில் இரவு வேலை. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் பிணம் மாதிரித் தூங்குவார். கட்டிலுக்கு எதிரே இவள் தைத்துக்கொண்டிருப்பாள்.

“உதடு அசையறதைப் பார்த்து மெஷினை நிறுத்தினாத்தான் அவர் குரலே கேக்கும். எழுப்பிக் கேட்டா, ‘நானா?’ன்னு முழிக்கிறாரு. புது வீட்டுக்குக் குடிவந்த நாள்லேர்ந்துதான் இந்தக் கூத்து. அப்போ அவ பக்கத்துலதான் எங்கேயோ இருக்கா!”

“அவருக்கு ஸ்பானிஷ் எப்படித் தெரியும்?”

“கல்யாணத்துக்கு முன்னாடி கப்பல்ல சமையல் பண்ணினவரு. எந்தத் துறைமுகத்துல எதை விட்டுட்டு வந்தாரோ!” அவள் குரல் தாழ்ந்தது. “இன்னிக்கு நானும் அதே பாஷையில பேசப் போறேன். தூக்கத்துல ஒரு பேராவது வாய்ல வராமலா போகும்? வந்துச்சுன்னா, பெட்டியைக் கட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்.”

“என்ன பேசணும்? திட்டணுமா?”

“திட்டத்தான் நெனச்சேன்.” அவள் விரலிலிருந்த நூலைச் சுற்றினாள், பிரித்தாள். “வேண்டாம். ‘நீ அவகூடப் போயிடுவியோன்னு எனக்குப் பயமா இருக்கு.’ அது போதும்.”

டீச்சர் மெதுவாகச் சொன்னாள்: “தெங்கோ மியேதோ தே கே தே வாயாஸ் கோன் எயா. பயம், சந்தோஷம், வருத்தம்னு மனசைச் சொன்னா, அடுத்து ‘தே கே’ன்னு ஒரு பாலம் போடணும். பாலத்தைத் தாண்டினதும் வினைச்சொல்லோட உருவமே மாறிடும்.”

“மாறாதா பின்னே? மனசுல ஒண்ணு புகுந்துட்டா மனுஷனே மாறிடறான்!”

சொல்லிச் சொல்லிப் பழகி, உதட்டில் அதை ஏந்திக்கொண்டு, சிந்திவிடாமல் கிளம்பிப் போனாள்.

மத்தியானம் பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள். வெயில் தூங்கி வழிந்தது. திரைச்சீலை மூச்சு விடுவதுபோல உப்பி அடங்கியது. டீச்சருக்குப் பாடத்தில் மனசு இல்லை. பலகைப் பக்கம் போகாமல், என்றுமில்லாமல் பின்பக்கச் சன்னலில் சாய்ந்துகொண்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம், பின்தெரு வீட்டில், கனவில் ஓடும் ரயில் மாதிரி ஏதோ ‘தடதட’வென்று ஓடிக்கொண்டிருந்தது.

“எங்கே, நேத்துப் பாடம். எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க பார்க்கலாம்.”

“மே அலேக்ரோ தே கே எஸ்தேஸ் அகீ!” என்று வகுப்பே அதிரக் கத்திவிட்டு ஓய்ந்தார்கள் பிள்ளைகள்.

‘தடதட’ நின்றது.

அந்த அமைதியில், மதிலுக்கு அப்பாலிருந்து, தூக்கத்தில் ஊறிய ஓர் ஆண் குரல் சிரித்துக்கொண்டே சொன்னது: “மே அலேக்ரோ தே கே எஸ்தேஸ் அகீ...”

டீச்சர் திடுக்கிட்டு நிமிர்வதற்குள் ஒரு பெண் குரல் நடுங்கி நடுங்கி எழுந்தது:

“தெங்கோ மியேதோ... தே கே தே வாயாஸ்... கோன் எயா.”

புதுப் பாடம்போலிருக்கிறது என்று நினைத்த பிள்ளைகள், மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, அந்த வீட்டுக் கட்டில்வரை கேட்கும்படி, ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.