முள் பூச்சு

“என் கையை நல்லாப் பாத்துக்குங்க புரொபசர். இன்னிக்காவது சுத்தமா இருக்கா?”

மறைப்புத் துணிக்கு மேலாக வெறுங்கையை விரித்துக் காட்டினாள் டாக்டர் ஸார்யா. ஆபரேஷன் மேஜையில் அரைமயக்கத்திலிருந்து கண்விழித்த பிரெஸ்னிக்குக்கு அந்தக் குரலைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. முதுகில் போட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தது. எழுந்து ஓடவும் முடியாது.

காலையில் திராவா ஆற்றங்கரைப் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு வந்தவர் அவர். செயற்கை இடுப்பு மூட்டுக்குப் புதுப்பூச்சு கண்டுபிடித்த பெரிய மனிதர். தும்பி இறக்கையில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியாத முட்கள். வந்து உட்காரும் கிருமியைக் குத்திக் கொன்றுவிடும் என்று நாடே கொண்டாடியது.

போன வருஷம் அந்த மூட்டைத்தான் பாவ்லா டீச்சருக்குப் பொருத்தினாள் ஸார்யா. உள்ளே சீழ் பிடித்து டீச்சர் செத்துப்போனார். “டாக்டரம்மா கை கழுவ மறந்திருப்பாங்க” என்று டிவியில் சிரித்துக்கொண்டே சொன்னார் பிரெஸ்னிக். அதன்பிறகு சந்தையில்கூட ஸார்யாவோடு கைகுலுக்க ஆட்கள் தயங்கினார்கள்.

“உங்க பூச்சு போட்ட மூட்டு எங்க அலமாரியிலேயே இருக்கு. உங்களுக்குப் போய் வேற எதை வைக்கறது?”

“வேண்டாம்! சாதா மூட்டு போதும்.”

“ஏன்? கிருமி கிட்டவே வராதே?”

“டாக்டர்... பழசை மனசுல வெச்சுக்காதீங்க.”

“நேஜா, அந்தப் பெட்டியைப் புரொபசருக்குக் காட்டு.”

பூச்சு மூட்டு இருந்த நீலப் பெட்டியை நர்ஸ் நேஜா தூக்கிக் காட்டினாள். பிரெஸ்னிக் அலறினார்.

“ஐயோ, அது வேலை செய்யாதும்மா! செத்த கிருமியெல்லாம் முள்ளு மேலயே மெத்தை மாதிரி படிஞ்சிடும். அது மேல புதுசா வர்றது ஜோரா வளரும். எனக்கு அப்பவே தெரியும்.”

“அப்பவேன்னா? பாவ்லா டீச்சருக்கு முன்னாடியேவா?”

“ஆமா... ஆமா! உங்க மேல தப்பே இல்ல. கெஞ்சிக் கேக்கறேன், அதை மட்டும் வெச்சிடாதீங்க!”

மயக்க மருந்து டாக்டரும் நர்ஸ்களும் அவர் பக்கம் திரும்பினார்கள். “எல்லாரும் கேட்டீங்கல்ல?” என்றாள் ஸார்யா. பிறகு அவர் காதருகே குனிந்தாள்.

“சாதா மூட்டுதான் வெச்சிருக்கேன். தையலே போட்டு முடிச்சாச்சு, புரொபசர்!”