உறுப்பினர் ஆதரிக்கிறார்

சட்டமன்ற உறுப்பினர் சுடலைமுத்து இறந்த பிறகும் தொகுதி அவரை விடவில்லை. கட்சி அவருடைய குரலையும் முகத்தையும் கணினிக்குள் உயிர்ப்பித்து மறுபடியும் வேட்பாளராக நிறுத்தியது. ஜனங்கள் முன்பைவிட அதிக வாக்கில் ஜெயிக்க வைத்தார்கள்.

அன்று காலை அவர் மனைவி வடிவு டிவியில் சட்டமன்றம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர்ப் பெரியகுளத்தைத் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் மசோதா வந்தது. அந்தக் குளத்துக்காக மண் அள்ளும் இயந்திரத்தின் முன்னால் படுத்து ஜெயிலுக்குப் போனவர் சுடலைமுத்து. திரையில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆதரிக்கிறேன்" என்றார்.

வடிவு கட்சி கொடுத்திருந்த எண்ணில் அவருக்கு போன் போட்டாள்.

"ஏங்க, நீங்களா அப்படிச் சொன்னிய?"

"மனுசன் கடைசி வரைக்கும் ஒரே மாதிரியா இருப்பான், வடிவு? காலம் மாறுதுல்லா."

அதே குரல், அதே இழுப்பு. உயிரோடு இருந்திருந்தால் இப்படித்தான் மாறியிருப்பாரோ என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றிவிட்டது. போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் விவசாயிகள் குடும்பத்தோடு கூடியிருந்தார்கள். முன்னால் நின்ற இசக்கி, "மதினி, அண்ணாச்சியே இப்படிச் சொல்லிட்டாவளே, நாங்க யார்ட்ட போவோம்?" என்றார்.

"உங்க அண்ணாச்சி செத்துப் போயாச்சு, இசக்கி."

அந்த வார்த்தையை அவள் அதுவரை சொன்னதில்லை. பதவியில் இருப்பவருக்குப் பாடை எதற்கு, கருமாதி எதற்கு என்று கட்சிக்காரர்கள் அப்போதே தடுத்திருந்தார்கள். வடிவு வாசல்படியில் சரிந்து, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

இசக்கி அண்ணாச்சிக்குப் பாடை கட்ட மூங்கில் வெட்டப் போனார்.